மூணாவது ஞாயிறும் கேமரா வந்தது

ரத்தினபாய்: எத்தனை தடவைடி சொல்றது? அது சினிமா! சி-னி-மா! அதுக்காக அந்த ஐசக்கையே கட்டிக்கிடுவியா?

தபீதாள்: கத்தாதீங்கம்மா. தெரு பூரா கேக்குது.

ரத்தினபாய்: கேக்கட்டும்!

பட்டு: கேட்டுடுத்து டீச்சர். அடுப்புல குழம்பை அப்படியே விட்டுட்டு வந்தேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்னா பாதிதான் புரியறது... என்ன ஆச்சு?

ரத்தினபாய்: வாங்க மாமி, நீங்களே கேளுங்க. அப்பா இல்லாத பொண்ணுன்னு இவ பெரியப்பா அஸ்தினாபுரத்துல ஒரு ஓவர்சியரைப் பார்த்து முடிச்சிட்டார். கல்யாணத்துக்கு முந்தி சர்ச்சுல மூணு ஞாயிறு பொண்ணு மாப்பிள்ளை பேர் வாசிக்கணும்ல? நேத்து பாஸ்டர்கிட்ட போயிருக்கார். பாஸ்டர் சொல்றாராம், “உங்க தபீதாளுக்கும் ஐசக்குக்கும் ஏற்கெனவே வாசிச்சாச்சே, தேவானந்தம்! தடை சொல்ல ஒருத்தரும் எழுந்திரிக்கலையே. இனி வேற பேரோட எப்படி வாசிக்கிறது?”ன்னு...

பட்டு: அட ராமா! அது அந்த லண்டன் டைரக்டர் படம் எடுக்கறதுக்குன்னா வாசிச்சது? நான்கூடக் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேனே, நெத்தி நிறையக் குங்குமத்தோட!

ரத்தினபாய்: அதைத்தான் நானும் சொல்றேன்!

தபீதாள்: பாஸ்டர் முதல்லயே சொன்னாரேம்மா. “விளையாட்டுக்கெல்லாம் பேர் வாசிக்க மாட்டேன், வாசிச்சா மெய்யாத்தான்”னு. டைரக்டர் ஹார்கிரீவ்ஸுக்கும் அதான் வேணும். மேக்கப் கூடாது, செட்டு கூடாது, நடிக்கவே கூடாது. நிஜ சர்ச்சு, நிஜ ஜனம்.

பட்டு: நல்ல டைரக்டர்டீ இவர். முன்னே ஒரு துரை வந்தான் பாரு... அவனுக்குப் பாம்பாட்டியும் யானையும்தான் வேணும். தாம்பரத்துல யானைக்கு எங்கே போறது? ஸ்டேஷன் வாசல்ல நின்னு நின்னு கறுத்துத் திரும்பிப் போனான். இவர் வாயைத் திறந்து கத்தறதுகூட இல்லே. கையைத் தூக்கினா ஆரம்பம், இறக்கினா முடிஞ்சது. நம்மூர் டைரக்டரா இருந்தா இந்நேரம் உன்னை நாலு மரத்தைச் சுத்தி ஓட விட்டிருப்பார்.

ரத்தினபாய்: மாமி! இங்க குடி முழுகிப் போச்சுன்னு நிக்கிறேன்...

பட்டு: சரி, சரி. ஏண்டி, ஐசக் எப்படி இதுல வந்தான்?

தபீதாள்: மாப்பிள்ளையா நிக்க ஒரு ஆள் கேட்டார். பாட்டுக் குழுவுல ஐசக் மட்டும்தான் கேமராவைப் பார்க்காம பாடினார்.

பட்டு: உன்னைப் பார்த்துண்டு பாடினானாக்கும்.

தபீதாள்: போங்க மாமி!

ரத்தினபாய்: பாருங்க, சிரிப்பைப் பாருங்க! ஒரு டைப்பிஸ்டு! சொந்தமா ஒரு காலி மனை உண்டா அவனுக்கு?

தபீதாள்: வீடு இருக்கிறவரைக் கட்டிக்கிட்டு, சுவத்தோட பேசிக்கிட்டு இருக்கவா? நான் ஐசக்கைத்தான் கட்டிப்பேன். அந்த ஓவர்சியர் பொண்ணு பார்க்க வந்தா, காப்பி கொடுத்து, “எனக்குப் பேர் வாசிச்சாச்சு, போய்ட்டு வாங்க சார்”னு நானே சொல்லுவேன்.

பட்டு: மெதுவாடி! பெரியப்பா முன் ரூம்லதானே இருக்கார்? செருப்பு வாசல்ல கெடக்கே.

ரத்தினபாய்: இருக்கட்டும்! அவரும் நல்லா கேக்கட்டும்! அவர் வீட்டுல குடியிருந்துக்கிட்டு இப்படி ஒரு பொண்ணு! ஏண்டி... பாஸ்டர் “குடும்பத்தார் சம்மதமா?”ன்னு கேட்டப்போ, யாருடி சம்மதம் சொன்னது?

தபீதாள்: பெரியப்பாதான்.

ரத்தினபாய்: என்ன! சத்தமா சொல்லு!

தபீதாள்: பெரியப்பாதான்மா! முன் பெஞ்சுல கோட்டு போட்டுக்கிட்டு மூணு வாரமும் தலையாட்டினார். கடைசி வாரம் எழுந்து நின்னே ஆட்டினார், கேமராவுல முகம் நல்லா விழணும்னு.

பட்டு: ஆமா டீச்சர், பார்த்தேனே. பூம்பூம் மாடு தோத்துது போங்கோ.

ரத்தினபாய்: அதுக்கு... அதுக்கு இப்போ அவரே தடை சொல்லட்டுமே!

தபீதாள்: தாராளமா சொல்லட்டும். சபை நடுவுல எழுந்து நின்னு, “சினிமாவுல தெரியணும்னு ஆசைப்பட்டுத் தலையாட்டிட்டேன்”னு சொல்லட்டும். முன் பெஞ்சை நான் காலியா வைக்கச் சொல்றேன்.

பட்டு: ஷ்ஷ்... கேட் சத்தம்.

தபீதாள்: பெரியப்பா வெளியே போறார்.

பட்டு: நகருடி, பார்க்கறேன்... கையில குடை, மூஞ்சியில ஈயாடலே. பஸ் ஸ்டாண்டு பக்கம்னா திரும்பறார்?

ரத்தினபாய்: அஸ்தினாபுரம் போறார். ஓவர்சியர் வீட்டுல வேண்டாம்னு சொல்ல... ம். தண்ணி கொண்டாடி. தொண்டை வறண்டுபோச்சு.

* * *

பட்டு: என்ன டீச்சர், அறுபத்தேழுல அத்தனை அமர்க்களமும் இதுக்குத்தானா? லண்டன்லேருந்து படம் வந்து சேரவே ஆறு வருஷம். சர்ச் ஹால்ல வேட்டியைத் திரையாக் கட்டிக் காட்டறான்னு பறந்து வந்தேன்... என் குங்குமம் ஒரு ஓரத்துலகூட வரலே!

ரத்தினபாய்: பெரியவர் வந்தாரே. தலையாட்டலை முழுசா வச்சிருக்கார் டைரக்டர்.

பட்டு: பார்க்க அவர் இல்லியே. கல்யாணம் முடிஞ்ச கையோட வீட்டை வித்துட்டுத் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத் போனவர்... ஓவர்சியருக்கும் பள்ளிக்கரணையில பொண்ணு அமைஞ்சுடுத்து. நீங்களும் பொண்ணு மாப்பிள்ளையோட படப்பைக்குப் போயிட்டேள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இப்போ ஒரு பாங்க்காரன். சண்டையே போட மாட்டேங்கறான், பேஜார்!

ரத்தினபாய்: அய்யோ பாவம்.

பட்டு: அது கெடக்கட்டும். மூணு ஞாயிறு எடுத்தாரே துரை, படத்துல ஒரு ஞாயிறுதானே வரது?

ரத்தினபாய்: ம்...

பட்டு: போறது, நானே சொல்லிடறேன். ரெண்டாவது ஞாயிறு கேமராப் பொட்டி திறந்து கெடந்தது. எட்டிப் பார்த்தேன், உள்ளே ஃபிலிமே இல்லே! துரை உங்க பொண்ணைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டறார். அவ என்னைப் பார்த்து வாயில விரலை வைக்கறா. அன்னிக்கே வாயைத் தச்சுண்டுட்டேன்.

ரத்தினபாய்: நீங்களா? இத்தனை வருஷமாவா?

பட்டு: எனக்கே நம்ப முடியலே. நீங்கதான் பாவம், ஒண்ணும் தெரியாம...

ரத்தினபாய்: முதல் ஞாயிறே அந்த மனுஷன் “போதும், நல்லா வந்துடுச்சு”ன்னார் மாமி. மொழிபெயர்க்க நின்ன என் பொண்ணு அதைத் தமிழ்ல சபைக்குச் சொன்னா: “இன்னும் ரெண்டு ஞாயிறு எடுக்கணுமாம், எல்லாரும் பட்டு கட்டிக்கிட்டு வாங்க.” அப்புறம் அவர்கிட்ட தனியா என்ன சொல்லி வர வச்சாளோ. நான் ரெண்டாவது பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்... ஸ்கூல்ல நான் என்ன பாடம் எடுக்கிறேன், சொல்லுங்க?

பட்டு: இங்கிலீ... அட பகவானே! அப்போ அன்னிக்கு ஏன் அப்படித் தொண்டை கிழியக் கத்தினேள்?

ரத்தினபாய்: மெதுவா கத்தினா முன் ரூம் வரைக்கும் கேக்குமா, மாமி?