கனமில்லாத கட்டைகள்

கிட்ட வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போகக் கூடாது. இது என் நண்பனுடைய அத்தானுக்கு நடந்தது.

இரவு எட்டே முக்கால். மழையில் கடைத்தெருவே காலி. அத்தான் வேலை பார்த்தது டிஜிட்டல் பியானோ விற்கும் கடையில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். வாசிக்கத் தெரியாத மனுஷன்... தானாக வாசிக்கும் டெமோ பட்டனைத் தட்டிவிட்டு, கட்டைகள் மேலே விரலை ஆட்டியே ஊரை ஏய்த்தவர்.

முந்தின வருஷம் ஒரு அம்மா மகளோடு வந்து கேட்டாள். "இவ பியானோ பரீட்சைக்குப் பழகணும்ங்க. நிஜப் பியானோ மாதிரி கட்டை கனமா இருக்குமா?"

கனமான கட்டை உள்ளது கடையிலேயே இருந்தது. ஆனால் விற்காமல் தேங்கிக் கிடந்தது வேறொன்று, பொம்மை மாதிரி லேசானது. "எல்லாம் ஒண்ணுதாம்மா. கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்று அதைத் தலையில் கட்டிவிட்டார்.

அந்தப் பெண் ஒரு வருஷம் அதிலேயே பழகினாள். பரீட்சையில் நிஜப் பியானோ... அவள் விரலுக்குக் கட்டை இறங்கவில்லை. பாதிச் சுரம் சத்தமே போடவில்லை. எல்லார் முன்னாலும் அழுதுகொண்டு வெளியே ஓடினாள். சாலையில் லாரி. அதோடு போய்விட்டாள்.

செய்தி கேட்ட அத்தான், "அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாராம். எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி... அந்த மழை ராத்திரி. உள்ளேயிருந்து டொக்... டொக்... அணைத்து வைத்த பியானோவில் கட்டை மட்டும் இறங்கும் சத்தம். ஈரத் துணி வாடை. திரும்பினால் அந்தப் பெண். கனமான கட்டைப் பியானோ முன்னால்.

"அங்கிள், இப்ப நீங்க வாசிங்க."

ஓடப் பார்த்தார்; கால் அவள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. கையும் தானாகக் கட்டைமேல் போனது. அழுத்தினார்... இறங்கவில்லை. உடம்பையே சாய்த்து அழுத்தினார். எலும்பு நெறிபட்டது.

"கனமா இருக்கா அங்கிள்?"

காலையில் முதலாளி வந்து பார்த்தபோதும் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

அன்றிலிருந்து கை எழும்பவில்லை. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. நண்பனுடைய அக்காதான் சோறு ஊட்டுகிறாள். போன வாரம் பார்க்கப் போனேன். இரண்டு கையும் மேசைமேல் கிடந்தன. ஆறுதலுக்கு அவர் கைமேல் என் கையை வைத்தேன்.

அவர் கை எனக்குத் தட்டுப்படவில்லை. நடுவில் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை... சில்லென்று, சின்னதாக. பியானோ பழகும் பிள்ளைகளைப் போல நகத்தை ஒட்ட வெட்டியிருந்தது.

நானும் சேர்ந்து அழுத்தட்டும் என்று, அது கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டது.