கழகம் உலகுக்கு வழங்கிய சுபாங்கன்

நரசிம்மன்: ...'ஈன்றெடுத்த'ன்னு மட்டும் வேணாம் அண்ணே. பையனை ஈன்றெடுத்தவங்க இங்க மெல்போர்ன்லயே, டண்டினாங்ல உயிரோட இருக்காங்க. விழா மலரைப் படிப்பாங்க.

கேதீஸ்வரன்: அப்ப இதைப் போடும். 'எங்கள் கூடைப்பந்தாட்டக் கழகம் இனங்கண்டு, ஊக்குவித்து, உலகுக்கு வழங்கிய முத்து, செல்வன் சுபாங்கன்.' எப்பிடி?

நரசிம்மன்: இனங்கண்டது யாரு?

கேதீஸ்வரன்: தலைவர் ஆர்? நான்தானே.

நரசிம்மன்: ஊக்குவிச்சது?

கேதீஸ்வரன்: கழகம்.

நரசிம்மன்: அண்ணே, அந்தப் பையனை ட்ரயல்ல நாம வேண்டாம்னு அனுப்பினோம். செயலாளர்ங்கிற முறையில லெட்டர்ல கையெழுத்துப் போட்டவன் நான்.

கேதீஸ்வரன்: அதைத்தானே சொல்லுறன், உலகுக்கு வழங்கினம் எண்டு. நாங்கள் வைச்சிருந்தா வழங்கியிருக்க ஏலுமோ?

நரசிம்மன்: ...சரி, டைப் பண்றேன்.

மிருணாளினி: தேத்தண்ணி. தம்பி, உங்களுக்குச் சீனி போட்டிருக்கு. இவருக்கு இல்லை.

கேதீஸ்வரன்: மிருணா, நீர் வந்தது நல்லது. அட்டைப்படத்தை ஒருக்காப் பாரும். அமெரிக்காவிலை யூனிவர்சிட்டிக்கு விளையாடேக்கை எடுத்த படம். எப்பிடிப் பாயுறான் பாத்தீரோ!

மிருணாளினி: நெஞ்சிலை என்ன பனைமரம்?

கேதீஸ்வரன்: எங்கடை கழகத்தின்ரை சின்னம். அங்கை யூனிவர்சிட்டிப் பேர் கிடந்தது, அதை அழிச்சுப்போட்டு...

நரசிம்மன்: நான் வேணாம்னு சொன்னேன் அக்கா.

மிருணாளினி: பந்து வலக்கையிலை கிடக்கு. அவன் இடக்கையன்.

கேதீஸ்வரன்: எழுத்துக்கு இடம் காணாதெண்டு படத்தைத் திருப்பினது. பொறும்... அவன் இடக்கையன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?

மிருணாளினி: ஊர் உலகமே யூரியூப்பிலை பாக்குது. நான் மட்டும் குசினிச் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கோணுமோ?

நரசிம்மன்: அதை விடுங்க. இருபதாம் ஆண்டு மலர் நாளைக்கு அச்சுக்குப் போகணும். சனிக்கிழமை விழா. பிரதம விருந்தினர் சுபாங்கன்னு கிளேட்டன்லருந்து டண்டினாங் வரைக்கும் எல்லாக் கடையிலயும் ஒட்டியாச்சு. ஆனா தம்பி வர்றேன்னு இன்னும் ஒரு வார்த்தை சொல்லல.

கேதீஸ்வரன்: லீவிலை வந்து தாய் தகப்பனோடைதானே நிக்கிறான். வேறை எங்கை போகப்போறான்? நான் அனுப்பின மெசேஜையும் பாத்திட்டான்.

நரசிம்மன்: பாத்து மூணு நாள் ஆச்சு.

கேதீஸ்வரன்: யோசிக்கிறான் போலை. உணர்ச்சிவசப்பட்டிருப்பான்.

நரசிம்மன்: வரலைன்னா?

கேதீஸ்வரன்: வாயைக் கழுவும்! வராட்டி என்ரை கதை முடிஞ்சுது. அடுத்த மாசம் தலைவர் தெரிவு. இந்த முறை டொக்டர் வாசுதேவன் எனக்கு எதிரா நிக்கிறார். போன கிழமை என்ன சொன்னவராம் தெரியுமோ? 'இருவது வருசமாத் தலைவர், ஒரு பெடியனைக்கூடப் பிடிச்சு வைச்சிருக்கத் தெரியேல்லை. நல்லா விளையாடுறதெல்லாம் வேலி பாஞ்சிட்டுது' எண்டு.

நரசிம்மன்: அவர் சொன்னதுல தப்பு...

கேதீஸ்வரன்: என்ன?

நரசிம்மன்: ஒண்ணுமில்ல. அடுத்த பக்கம். மத்த முத்துக்கள். கஜந்தி.

கேதீஸ்வரன்: ஓம், கஜந்தி! இப்ப சிட்னியிலை பெரிய ரீமிலை நிக்கிறாள். தாய் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியிலை நேர்ஸ். எழுதும், 'எங்கள் பாசறையில் அரிச்சுவடி கற்ற வீராங்கனை'.

மிருணாளினி: அரிச்சுவடியோ? பன்ரண்டு வயசுப் பிள்ளை பந்தோடை வந்து நிக்க, 'பொம்பிளைப் பிள்ளையளுக்கு ரீம் இல்லை, போய் ரோல்ஸ் பொரிச்சு விக்கிற இடத்திலை அன்ரிமாருக்கு உதவி செய்யும்' எண்டு அனுப்பினியள். என்னோடைதான் நிண்டவள். ரெண்டு தட்டு ரோல்ஸ் அடுக்கினவள், அழுது அழுது.

கேதீஸ்வரன்: அதுதானே அவளுக்கு வைராக்கியம் வந்தது! அதுவும் ஒரு வகை ஊக்கம்தான். எழுதும் நரசிம்மன்.

நரசிம்மன்: ரோல்ஸையும் எழுதவா?

கேதீஸ்வரன்: பகிடி விடாதையும். அடுத்தது யதுஷன். நியூசிலாந்திலை விளையாடுறான். அவனை ஏன் விட்டனாங்கள்?

நரசிம்மன்: பொங்கல் விழா நாடகத்துக்கு ஒத்திகை வரலைன்னு விட்டோம். மூணாவது புலவரா நிக்க வேண்டியவன்.

கேதீஸ்வரன்: ஒழுக்கம் முக்கியம்தானே.

நரசிம்மன்: அப்புறம் அண்ணே... ஹரிப்பிரியா.

கேதீஸ்வரன்: எந்த ஹரிப்பிரியா?

நரசிம்மன்: என் பொண்ணு.

கேதீஸ்வரன்: ஓ, உம்மடை மகள். அவ எங்கடை அண்டர் போட்டீன் ரீமிலை எல்லே?

நரசிம்மன்: போன வருஷத்துலருந்து இல்ல. எதிர்ல இருக்கற சைனீஸ் கிளப்ல சேத்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு...

கேதீஸ்வரன்: செயலாளற்றை பிள்ளையே வேலி பாஞ்சிட்டுதோ! மிருணா, கேட்டீரோ?

மிருணாளினி: கேட்டன். பிள்ளை இப்ப நல்லா விளையாடுறாவோ தம்பி?

நரசிம்மன்: ரொம்ப நல்லா ஆடறா அக்கா.

மிருணாளினி: பிறகென்ன. இருவத்தஞ்சாம் ஆண்டு மலரிலை அவவும் முத்து.

கேதீஸ்வரன்: சிரியுங்கோ, சிரியுங்கோ. ரெண்டு பேரும் எனக்கு எதிரா நில்லுங்கோ. நான் சுபாங்கனை விட்டது விஞ்ஞான முறையிலை. அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை.

நரசிம்மன்: அந்த ட்ரயல் படிவம் எங்கிட்ட இன்னும் இருக்கு அண்ணே. பேரு, வயசு, அப்பாவோட சொந்த ஊரு, அப்பா உயரம், அம்மா உயரம், அப்பா என்ன வேலை. பையன் எத்தனை கூடை போட்டான்னு எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கேதீஸ்வரன்: தேவையில்லை! தகப்பன் அருந்தவன் அஞ்சடி மூண்டு. மனிசி அதைவிடக் கட்டை. பாஸ்கெட்போல் எண்டா உயரம். விளையும் பயிர் முளையிலை தெரியும் எண்டு சும்மாவோ சொன்னவை?

நரசிம்மன்: முளையை நாம பாக்கவே இல்லையே அண்ணே. வயலைத்தானே அளந்தோம்.

மிருணாளினி: முளை இப்ப ஆறடி நாலு.

கேதீஸ்வரன்: தாய்மாமன் உயரமாம். அதைப் படிவத்திலை எழுதேல்லை. அது அவையின்ரை பிழை! அதோடை இன்னொண்டு... படகிலை வந்த சனம். விசா தற்காலிகம். தாயும் தகப்பனும் கோழி வெட்டுற இடத்திலை மாறி மாறி வேலை. பெடியனை ஆர் பயிற்சிக்கு ஏத்தி இறக்கிறது? நாளைக்குத் திருப்பி அனுப்பினா ரீமிலை ஒரு இடம் காலி. நான் கழகத்துக்காகத்தான் யோசிச்சனான்.

நரசிம்மன்: அந்த இடம் காலியாகாம சதீசன் வந்தாப்ல.

கேதீஸ்வரன்: என்ரை மகன் எண்டதுக்காக இல்லை. நான் ஆறடி. படிவத்தின்படி அவன்தான் முதலாவது.

நரசிம்மன்: அஞ்சடி ஆறுல நின்னுட்டாரே.

கேதீஸ்வரன்: ...அது இவவின்ரை பக்கம்.

மிருணாளினி: ஓம். எல்லாம் என்ரை பக்கம்தான். பாவம் அந்தப் பிள்ளை, ஒரு வருசம் முழுக்க ஓரத்து வாங்கிலை குந்தியிருந்து மற்றவங்களின்ரை தண்ணிப் போத்தலைக் காத்தவன்.

நரசிம்மன்: அண்ணே! வந்துருச்சு!

கேதீஸ்வரன்: என்ன வந்தது?

நரசிம்மன்: சுபாங்கன் மெசேஜ். உங்க போன்லதான். நீளமா இருக்கு... இங்கிலீஷ்ல எழுதியிருக்காரு.

கேதீஸ்வரன்: என்ரை கண்ணாடி எங்கை... நீர் வாசியும். தமிழிலை சொல்லும். மிருணா, இரும் இந்தக் கதிரையிலை, நீரும் கேளும்.

நரசிம்மன்: 'அன்புள்ள கேதீஸ்வரன் அங்கிள். அழைப்புக்கு நன்றி. சனிக்கிழமை நான் வர்றேன்...'

கேதீஸ்வரன்: முருகா! சொன்னனான் எல்லே! வாசுதேவன் கிடக்கட்டும் இனி.

நரசிம்மன்: இருங்க, 'ஆனா'ன்னு ஒண்ணு இருக்கு. 'ஆனா ஒரு விருப்பம். எனக்குப் பொன்னாடை வேண்டாம். எனக்கு இந்த வாழ்க்கையைக் குடுத்த ஒருத்தர் உங்க கழகத்துல இருக்காங்க. அவங்களுக்கு மேடைல நான் என் கையால பொன்னாடை போர்த்தணும்.'

கேதீஸ்வரன்: பெடியன் மறக்கேல்லை. பாத்தியளோ, மறக்கேல்லை! அண்டைக்கு நான் தட்டின தட்டுத்தான் தன்னை உயர்த்தினது எண்டு விளங்கியிருக்கிறான். மிருணா, என்ரை நீலக் கோட் எங்கை?

மிருணாளினி: அலுமாரியிலை.

கேதீஸ்வரன்: நான் பொன்னாடை வேண்டாமெண்டுதான் சொல்லுவன். நரசிம்மன், கேட்டுக்கொள்ளும். ரெண்டு தரம் வேண்டாமெண்டு சொல்லுவன். மூண்டாந்தரம் நீர் பிடிச்சு இழுத்துக்கொண்டு போம்.

நரசிம்மன்: மெசேஜ் இன்னும் முடியல.

கேதீஸ்வரன்: வாசியும், வாசியும்.

நரசிம்மன்: 'உங்க கழகம் என்னை வளர்த்ததா யாரும் பேசக் கூடாது. மலர்லயும் போடக் கூடாது.'

கேதீஸ்வரன்: அதுக்கென்ன, 'ஊக்குவித்து' எண்ட சொல்லை எடுத்திடலாம்.

நரசிம்மன்: 'உங்க ட்ரயல்ல தோத்த பிறகு பெரிய கிளப் ஒண்ணுல என்னை எடுக்கறதா இருந்தாங்க. அதுக்கு முந்தின நாள் யாரோ அந்தக் கோச்சுக்கு போன் பண்ணி, பையனுக்குக் கடுமையான ஆஸ்துமா, மறைக்கிறாங்க, ஓடினா விழுந்துடுவான்னு சொல்லியிருக்காங்க. கோச் போன வருஷம்தான் எங்கிட்ட சொன்னாரு. யாருன்னு அவருக்குத் தெரியும். நான் கேக்கல. மேடைல அதைப் பேசவும் மாட்டேன்.'

கேதீஸ்வரன்: ...ஹீற்றரைக் குறையும் மிருணா. வேர்க்குது.

மிருணாளினி: ஹீற்றர் போடேல்லை.

நரசிம்மன்: அண்ணே... நீங்களா?

கேதீஸ்வரன்: என்னப்பா இது, பொலிஸ் விசாரணையோ! ட்ரயல் அண்டைக்குப் பெடியன் இருமினவன். ரெண்டு தரம். ஒரு அக்கறையிலை...

நரசிம்மன்: ஜூலை மாசம் அண்ணே. மெல்போர்ன். நாம எல்லாரும்தான் இருமினோம்.

கேதீஸ்வரன்: நான் கெடுக்கோணுமெண்டு செய்யேல்லை! எங்கடை கழகம் வேண்டாமெண்டு விட்ட பெடியனை அடுத்த கிழமையே அவங்கள் எடுத்தா, சனம் எங்களை என்னெண்டு கேக்கும்? தெரிவுக் குழுவுக்குக் கண் இல்லையோ எண்டு கேக்கும். அதுக்காகத்தான்... ஒரு போன். ரெண்டு நிமிசம்கூடக் கதைக்கேல்லை.

நரசிம்மன்: அந்த ரெண்டு நிமிஷத்தால அந்தப் பையன் இன்னிக்கிக் கோழி வெட்டிக்கிட்டு இருந்திருப்பான் அண்ணே.

கேதீஸ்வரன்: ...தெரியும். வாசியும் மிச்சத்தை.

நரசிம்மன்: 'மறுநாள் காலைல ஒருத்தங்க எதுக்குன்னு சொல்லாமலே என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி, ஆஸ்துமா இல்லைன்னு லெட்டர் வாங்கி, கோச் கையில குடுத்தாங்க. அப்புறம் நாலு வருஷம், வாரத்துல ரெண்டு நாள், பயிற்சிக்குக் கார்ல கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தாங்க. பேரைச் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவங்க மேடைக்கு வரச் சம்மதிச்சா நான் வர்றேன். இல்லைன்னா மன்னிக்கணும், வரமாட்டேன்.' அவ்வளவுதான்.

கேதீஸ்வரன்: ஆர் அது? எங்கடை கழகத்திலையோ? வாசுதேவனோ? அவருக்கு டொக்டர் கடிதம் எடுக்கிறது லேசு. வாசுதேவன் எண்டா நான் செத்தன் நரசிம்மன். மேடையிலை என்ரை கண் முன்னாலை அவருக்குப் பொன்னாடை விழும்.

நரசிம்மன்: பேரே இல்லாம நான் யார்கிட்டப் போய்ச் சம்மதம் வாங்கறது?

மிருணாளினி: ஓம் எண்டு எழுதுங்கோ தம்பி.

கேதீஸ்வரன்: நீர் சும்மா இரும். அந்த ஆள் எல்லோ ஓம் எண்டு சொல்லோணும்.

மிருணாளினி: அந்த ஆள்தான் சொல்லுறன்.

நரசிம்மன்: அக்கா!

கேதீஸ்வரன்: நீரோ? எப்பிடி? நீர் செவ்வாயும் வியாழனும் கோயிலிலை பண்ணிசை வகுப்புக்கு எல்லே போனனீர்?

மிருணாளினி: நாலு வருசம் பண்ணிசை படிச்சவள் ஒரு தேவாரம் ஒழுங்காப் பாடினதை எப்பவாவது கேட்டியளோ?

கேதீஸ்வரன்: சதீசனையும் கூட்டிக்கொண்டு போவீரே...

மிருணாளினி: அவன்தான் முதல் கேட்டவன். நீங்கள் போன் கதைக்கேக்கை நான் குசினிக்குள்ளை, அவன் படிக்கட்டிலை. வந்து சொல்லுறான், 'அம்மா, சுபாங்கன் நிக்க வேண்டிய இடத்திலை அப்பா என்னை நிப்பாட்டி வைச்சிருக்கிறார். அவனுக்கு வேறை இடமும் இல்லாமப் பண்ணிப்போட்டார். எனக்கு வெக்கமா இருக்கு' எண்டு. பதின்மூண்டு வயசுப் பிள்ளை. எனக்கு உங்களிலை வந்த கோவத்துக்கு அண்டைக்கே பெட்டியைக் கட்டியிருப்பன். பெட்டிக்குப் பதிலாக் கார்ச் சாவியை எடுத்தன்.

நரசிம்மன்: அனுப்பிட்டேன் அக்கா. 'ஓம்'னே போட்டுட்டேன்.

கேதீஸ்வரன்: நாலு வருசம்... ஒரே வீட்டிலை, ஒரே மேசையிலை சாப்பிட்டுக்கொண்டு... அந்தப் போனைப் பற்றியும் தெரிஞ்சுகொண்டு... எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மிருணா?

மிருணாளினி: சொல்லியிருந்தா அந்தக் கோச்சுக்கு இன்னொரு போன் எடுத்திருப்பியள்.