குத்தகைக்கு விட்டவர் இருக்கிறாரா

வலங்கைமான் தாலுகா அலுவலகத்தில், குத்தகைப் பதிவுக்கான வரிசையில் நான் பதிமூன்றாவது ஆள். எனக்கு முன்னால் நின்றவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். அவருக்குத் துணையாக வந்திருந்த மைத்துனர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்.

“ஏன் மச்சான், சாமியே இல்லைன்னு நேத்து மேடையில ஒரு மணி நேரம் பேசினீங்க. இல்லாத ஆளு உங்களுக்கு எப்படி நிலத்தைக் குத்தகைக்கு விட்டாரு?” என்று மைத்துனர் கேட்டார்.

“சும்மா இரு மாப்ளே. இன்னிக்குப் பதியலைன்னா மூணு மா நஞ்சையும் வேற ஆளுக்குப் போயிடும்.”

“அப்ப வேண்டிக்குங்க.”

“யார்கிட்ட?”

“உங்க நிலத்துக்காரர்கிட்டதான். வேற யார்கிட்ட?”

கறுப்புச் சட்டைக்காரர் ஜன்னலை நோக்கி ஓரடி நகர்ந்தார். அவருடைய முறை வந்தது. குமாஸ்தா தலை நிமிராமல் படிவத்தில் இருந்த கேள்விகளை வாசித்தார்.

“நிலம் யாருக்குச் சொந்தம்?”

“எங்க ஊர் கைலாசநாதருக்குங்க.”

“இப்ப உயிரோட இருக்காரா?”

மைத்துனர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

கறுப்புச் சட்டைக்காரர் ஒருமுறை பின்னால் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியருகே குனிந்து சொன்னார்:

“பதிவு முடியற வரைக்கும் இருக்காருன்னு எழுதிக்குங்க சார்.”