செலாசி வேர் பிடித்த கரை

துளசிக்கு ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும், ரூபினி. கெமாங்கி அப்படியில்லை, ஒருநாள் மறந்தாலும் தலை தொங்கிவிடும். போலீஸ் உடுப்பில் வந்தவளிடம் கிழவி செடிக்கதை பேசுகிறாளே என்று நினைக்காதே, கண்ணு. எனக்கு இங்கிருந்துதான் சொல்ல வரும்.

என் வீட்டுக்காரர் பரஞ்சோதிக்கு ஞாபகம் கழன்றபோது, பழகிய வாசனைகளை மோந்து பார்க்கக் கொடுங்கள் என்றாள் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி நர்ஸ். தோட்டத்தில் துளசிச் சாதியிலேயே மூன்று வகை வைத்தேன். துளசியைக் கசக்கி நீட்டினால், "கோயிலுக்கு நேரமாச்சா?" என்பார். மீனோடு சேர்க்கும், எலுமிச்சை மணக்கும் கெமாங்கிக்கு, "மீனு எங்கலா?" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். சோம்பு மணக்கும், தண்டு சிவந்த செலாசியை நீட்டியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மருதம், வந்துட்டியா?"

மருதம்மாள் அவருடைய முதல் மனைவி. கல்யாணமான வருஷமே எஸ்டேட்டில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். மல்லிகை கிடைக்காத நாளில் செலாசிப் பூவைத் தலையில் செருகிக்கொள்வாளாம். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் நான், புஷ்பவள்ளி. என் பெயரைச் சொல்ல வைக்கும் இலை எதுவும் என் தோட்டத்தில் இல்லை.

செலாசியைப் பிடுங்கி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வயல் வாய்க்கால் பக்கம் வீசினேன். கரையில் விழுந்து அங்கேயே வேர் பிடித்துப் பூத்தது. அதற்குப் பிறகு இவர் சோற்றைச் சரியாகத் தொடவில்லை. குளிப்பாட்டும்போதும், தலை துவட்டும்போதும், "மருதம் எங்க?" என்பார்.

மனிதர் ஆசைப்பட்ட இடத்துக்குத்தான் போகட்டுமே என்று நேற்றுக் காலையில் பின்வாசல் கேட்டைத் திறந்தேன். "வாய்க்கால் ஓரத்துல பூப்பறிக்கிறா. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. தலை வாரிக்கொண்டார். "சட்டை நல்லாருக்கா?" என்று என்னிடமே கேட்டார். பட்டன்களை நான்தான் போட்டுவிட்டேன்.

நடவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கரை வழுக்கும். அது எனக்குத் தெரியும், நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரில் விழுந்ததும் கூப்பிட்டாரா என்று கேட்டாய். கூப்பிட்டார். மருதம் என்று இல்லை, "புஷ்பம்" என்று. எத்தனையோ நாளுக்குப் பிறகு என் பெயர். துளசிக்கு ஊற்றிக்கொண்டிருந்த குழாயை மூடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று.

இன்னொரு தடவை கூப்பிடுவார், அதையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றேன், கண்ணு.