தோள்தொட்டு நின்ற ரயிலின் இஞ்சினுக்கு

"நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன். இன்னைக்கு உளியோட வந்து நிக்கிறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"சுவத்துக்குள்ள போக வேண்டிய வயரை நான் கழுத்துல சுத்திக்கவா?"

மருத்துவமனையின் புதிய குழந்தைகள் பிரிவில் பெயிண்டரும் எலக்ட்ரீஷியன் பெண்ணும் இவ்வாறு முழங்கிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்து நின்ற குணக்குன்றே! கட்டடம் பல கண்ட கலங்கரை விளக்கே! எங்கள் திட்ட மேலாளர் அம்மையே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

அது தங்கள் பொறுப்பில் வந்த முதல் திட்டம். சொன்ன தேதியில் பிரிவு திறக்காவிட்டால் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போகும் என்று நிர்வாகம் எச்சரித்திருந்தது. மூடிய கதவுக்குள் சொன்னது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாகாது.

யார் தப்பு என்று விசாரிப்பீர்கள், ஒருவராவது அழுவார் என்று வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடிவந்தோம். ஏமாந்தோம். யார் யாருக்காகக் காத்திருக்கிறாரோ அவர் தோளில் கை வைத்து, பிள்ளைகளின் ரயில் விளையாட்டுப் போல நிற்கச் சொன்னீர்கள். தச்சர் பெயிண்டரைப் பிடித்தார். பெயிண்டர் முறைத்தபடியே எலக்ட்ரீஷியன் பெண்ணின் தோளை இரண்டே விரலால் தொட்டார். அந்தப் பெண் நேராக வந்து தங்கள் தோளில் கை வைத்தார்.

"சுவிட்ச் எந்த உயரத்துலன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னீங்க. இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கீங்க மேடம்."

நாங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டோம். தாங்களோ முகம் சிவந்து, பிறகு சிரித்து, "அப்போ ரயிலை நிறுத்தி வச்சிருக்கறது நான்தான்" என்றீர்கள். அந்தப் பிரிவில் வேலை பார்க்கப்போகும் நர்ஸை அழைத்துக் கை நீட்டச் சொல்லி, அந்த உயரத்தில் பென்சிலால் கோடிட்டீர்கள். பிரிவு சொன்ன தேதியில் திறந்தது. பொறுப்பும் தங்களிடமே தங்கியது.

அன்று முதல் காலைதோறும் அந்த ரயில் ஓடியது. யார் கை யார் தோளில் என்று அறிவதும், தன் தோளில் விழுந்த கையை முதலில் இறக்கி விடுவதுமே திட்ட மேலாண்மை என்று எங்களுக்கு விளங்கவைத்தீர்கள்! ரயில் முடிந்ததும் தாங்கள் தரும் தேநீருக்காக மட்டும் வரிசையில் நுழைந்தவர்களையும் கண்டும் காணாமல் விட்ட கருணைக் கடலே! முழங்கால் வலி நீங்கி, நிறைநலம் ஓங்கி, நெடுங்காலம் வாழ்க!

பின்குறிப்பாக ஒரு செய்தி. இரண்டு விரலால் தோள் தொட்ட அந்தப் பெயிண்டர் மறு ஆண்டே அதே பெண்ணைக் கைப்பிடித்து, கடலோர ஊருக்குக் குடிபோனது தாங்கள் அறிந்ததே. இப்போது அங்கே சொந்த வீடு கட்டுகிறார்கள். கூடத்தில் சுவிட்ச் எங்கே என்ற வழக்கில் வேலை நின்றுவிட்டதாம். இருவரும் கையை நீட்டிக்கொண்டு தங்கள் தோளுக்காகக் காத்திருப்பதாகக் கேள்வி.

இவண்,
இன்னும் வரிசையில் நிற்கும் தங்கள் அலுவலகத்தார்