விரியாத குண்டு

மாவை நிறுத்துப் பிசைகிறவள் சுடும் ரொட்டி என்றும் ஒரே பதமாக இருக்கும். தோட்டாவும் அப்படித்தான், ஐயா. கடையில் விற்பதை நான் வாங்குவதில்லை. சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெறுங்கூட்டைத் துலக்கி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, குண்டை மயிரிழை பிசகாமல் அமர்த்தி நானே செய்துகொள்வேன். எங்கள் லெம்ஹாய் பள்ளத்தாக்கில் பலரும் அப்படியே. என் தோட்டாக்கள் எண்ணூறு கெஜத்துக்கு அப்பாலுள்ள காகிதத்தில் உள்ளங்கையளவு இடத்திற்குள் துளையிடுபவை.

சென்ற ஆண்டு அவற்றுள் சிலவற்றை என் மனைவியின் தம்பி வெர்லுக்குக் கொடுத்தேன். எதிர்ச்சரிவில் நின்ற பெண் எல்க் மானின் வயிற்றில் சுட்டான். அது குடல் சரிய மரங்களுக்குள் புகுந்தது. தேடிப் போகலாம் என்றேன். அவன் இறைச்சி வற்றலை மென்றபடி விரல்களை நக்கினான்.

"என் குறியில தப்பில்ல அத்தான். நீங்க அடைச்ச மருந்துலதான் உசுரு இல்ல. அக்கா சமையல் மாதிரி, பாக்க அழகா இருக்கு, உள்ள போனா ஒரு வேலையும் செய்யல."

மறுநாள் நான் மட்டும் போனேன். மான் இன்னும் சாகவில்லை. பறவைகள் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தன. குருதியும் சாணமும் கலந்த அந்த நாற்றம் என் சட்டையை விட்டுப் போகவேயில்லை. மானை நான் முடித்துவைத்தேன். வெர்லோ, ஞாயிறன்று தேவாலய விருந்தில், கொழுப்பு வழியும் வாயோடு அதே கேலியை எல்லாரிடமும் சொன்னான். எல்லாரும் சிரித்தனர். அதன்பின் என்னிடம் தோட்டா கேட்டு ஒருவரும் வரவில்லை.

குளிர்காலம் முழுவதும் திருத்தினேன். அத்தனை தொலைவு கடந்த குண்டு வேகம் தளர்ந்திருக்கும். ஆயினும் தசைக்குள் புகுந்ததும் அது விரிய வேண்டும். விரியாவிடில் ஊசிபோல் ஊடுருவிவிடும்; உயிர் மெல்லத்தான் பிரியும். நனைத்த நாளிதழ்க் கட்டுகளில் சுட்டுப் பார்த்தேன், விரிந்தது. ஆனால் நாளிதழ் மூச்சுவிடுவதில்லை. எல்க் மானிடம் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு குற்றமும் செய்யாத பிராணி.

இவ்வாண்டு வேட்டைக்காலம் தொடங்கிய காலையில் வெர்ல் எதிர்ச்சரிவில் அமர்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தான். காற்று அசையவில்லை.

குண்டு நான் குறித்த இடத்திலிருந்து விரலளவும் விலகவில்லை. அவன் சாய்ந்தான், பின்னர் தவழத் தொடங்கினான். நண்பகல்வரை தவழ்ந்தான். தோட்டாவை அதன் விளைவைக் கொண்டே மதிப்பிட வேண்டுமாதலால், நான் இறுதிவரை தொலைநோக்கியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மறுமுறை சுட்டு அவன் வேதனையை முடித்திருக்கலாமே என்கிறீர்கள். சுட்டிருந்தால் சோதனை கெட்டுப்போயிருக்கும்.

உட்புகுந்த துளையும் வெளிப்பட்ட துளையும் ஒரே அளவு, குண்டு விரியவே இல்லை என்று மருத்துவர் கூறியதாகச் சொல்கிறீர்கள். அவனைக் கொன்றவன் நானே. அதை மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் மருந்தின்மேல் மட்டும் பழி போடாதீர்கள், ஐயா. குண்டு விரிவதற்கு நல்ல தசை வேண்டும். வெர்லின் உடம்பில் இருந்ததெல்லாம் வெறுங்கொழுப்பு.