மணல்திட்டில் பிறந்த ஊரும் ஒய்தின் அக்காவும்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மேட்டுத் தெருவிலிருந்தும் பள்ளத் தெருவிலிருந்தும் வந்து இன்று கலந்து உட்கார்ந்திருக்கும் என் ஊர்ச் சொந்தங்களே, வணக்கம்.

சிர்தார்யா ஆற்றங்கரையில் இருக்கும் நம் கெச்சு ஊரின் வரலாற்றாசிரியர் ஒய்தின் அக்கா மறைந்துவிட்டார். பள்ளத் தெருக்காரனான நான், சலாகித்தீன், அவரோடு நம் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன்.

ஊரை நிறுவியவருக்குச் சிலை வைக்கலாம் என்று பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? நம் முன்னோர் பெரிய தளபதி என்றது மேட்டுத் தெரு. இல்லை, மகான் என்றோம் நாங்கள். அந்தச் சண்டையில் என் தங்கை மகள் தில்னவோஸின் நிச்சயதார்த்தமே முறிந்தது. மாப்பிள்ளை மேட்டுத் தெரு.

அக்கா என்ன செய்தார்? இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போய்ப் பாட்டிமார்களிடம் கதை கேட்டார். பிறகு எல்லோரையும் தேநீர்க் கடைக்கு அழைத்தார். தளபதியும் இல்லை, மகானும் இல்லை என்றார். அந்தக் காலத்தில் இரண்டு குடும்பம் ஒரே படகில் மீன் விற்கப் போனது. படகு மணலில் சிக்கியது. யார் தப்பு என்று சண்டை போட்டபடியே இறங்கி, ஆளுக்கொரு பக்கம் குடிசை போட்டார்கள். இரண்டு தெருப் பாட்டிகளும் இதையே சொல்லியிருந்தார்கள். பழி மட்டும்தான் மாறியிருந்தது.

மேட்டுத் தெரு எர்காஷ் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப படகை ஓட்டினது யாரும்மா?"

"உங்க ஆளுதான் அண்ணே. வழி சொன்னது சலாகித்தீன் ஆளு."

முதலில் சிரித்தவர் எர்காஷ் அண்ணன்தான். அப்புறம் கடையே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து என் தங்கை புருஷனிடம், "சம்பந்தி, இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் படகுலயே உக்காந்திருப்போம்?" என்றார். அந்த இலையுதிர்காலத்திலேயே கல்யாணம் நடந்தது. சிலைக்கு வைத்திருந்த பணம் புலாவுக்குப் போனது. அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஊரை இவ்வளவு நேசித்தவர், ஊரைப் பற்றி ஒரு பொய்கூட எழுதவில்லை. இதைவிட என்ன பெருமை வேண்டும் நமக்கு?

திங்கட்கிழமை அருங்காட்சியகத்தை நான் திறப்பேன். தில்னவோஸ் உடன் வருகிறாள். உங்கள் வீட்டுக் கதைகளைக் கொண்டு வாருங்கள், கேட்டு எழுதுகிறோம். அக்கா எழுதியது தப்பு என்று சண்டை போட நினைப்பவர்களும் தாராளமாக வரலாம். அவருக்கு அவர்களைத்தான் அதிகம் பிடிக்கும்.